மாவுக்கட்டுக்குள் தசை கரையாமல் பார்த்துக்கொள்வது: முதல் நாளிலிருந்து ஒரு வழிகாட்டி

கையோ காலோ முறிந்து கட்டுப் போட்டிருக்கும்போது எல்லார் கவனமும் எலும்பின் மேல்தான் இருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் எக்ஸ்ரே எடுத்து, "நன்றாகக் கூடி வருகிறது" என்பார்கள். தசை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனாலோ என்னவோ அதைப் பற்றிப் பேச்சே வராது. கட்டைப் பிரித்த பிறகுதான் ஒரு பக்கத் தொடை மட்டும் இளைத்திருப்பதும், தூக்கு என்றால் கால் தூக்காமல் கிடப்பதும் தெரியவரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கட்டுக்குள் கால் இருந்த காலத்தைவிட, கரைந்த தசையைத் திரும்பக் கொண்டுவர ஆன காலம் அதிகம். அதில் கணிசமான பகுதியைக் கட்டு இருக்கும்போதே மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று பின்னால் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கு. ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை அசையாமல் கட்டிவைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். 5 நாளிலேயே முன்தொடைத் தசையின் பருமன் சுமார் 3.5 சதவீதமும், வலு சுமார் 9 சதவீதமும் குறைந்தன. 14 நாளில் பருமன் 8 சதவீதத்துக்கு மேலும், வலு 20 சதவீதத்துக்கு மேலும் இறங்கின. இழப்பு முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே "கட்டுப் பிரிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது தாமதம். அதோடு, தசை இளைப்பதைவிட வலு வேகமாகப் போகிறது. மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையும் சேர்ந்து மங்குவது இதற்கு ஒரு காரணம். அந்தக் கட்டளையைக் கட்டுக்குள் இருந்தபடியே பழக்க முடியும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

கீழே இருப்பவை பொதுவான வழிமுறைகள். உங்கள் முறிவு, உங்கள் அறுவை சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துச் சில உங்களுக்குப் பொருந்தாது. அதனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கட்டுப் போட்ட அன்றே கேட்க வேண்டியவை

"ஓய்வெடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் விடாதீர்கள். எதற்கு ஓய்வு, எதற்கு ஓய்வில்லை என்று பிரித்துக் கேளுங்கள்:

- எந்த மூட்டு அசையவே கூடாது? எந்தெந்த மூட்டுகளை இன்றே அசைக்கலாம்?
- கட்டுக்குள் இருக்கும் தசையை, மூட்டை அசைக்காமல், இறுக்கி விடலாமா? எப்போதிலிருந்து?
- காலில் எவ்வளவு எடை வைக்கலாம்? துளியும் கூடாதா, பாதம் தரையைத் தொட்டால் போதுமா, பாதி எடையா, வலி தாங்கும் வரையா?
- இந்த விதிகள் எந்தத் தேதியில் மாறும்?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். பெரும்பாலான எலும்பு முறிவுகளில் தசையை மெல்ல இறுக்குவதற்கு அனுமதி கிடைக்கும். ஆனால் தசை இழுத்தாலே பிரிந்துவிடக்கூடிய இடங்களும் உண்டு. முழங்கால் சில்லு முறிவு, முழங்கையின் முனை எலும்பு முறிவு, அக்கிலிஸ் எனப்படும் குதிகால் தசைநாணைத் தைத்தது, முன்தொடைத் தசைநாணைத் தைத்தது, தோளின் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சூழ்ந்த தசைநாண்கள்) தையல் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் அந்தக் குறிப்பிட்ட தசையை எப்போது, எவ்வளவு இறுக்கலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்ன பயிற்சியைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். அவருக்கு முறிந்தது வேறு இடம்.

"பாதி எடை" என்று சொன்னால் அது எவ்வளவு என்று நம் காலுக்குத் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதன் மேல் அந்தப் பாதத்தை வைத்து, சொன்ன கிலோ வரும்வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். கொஞ்சம் பழகியதும் அந்த அழுத்தம் காலுக்கு நினைவில் நிற்கும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிசியோதெரபிஸ்டிடம் போகும்போதுதான் இந்தக் காகிதங்களின் அருமை தெரியும். வாய்மொழியாக "ஏதோ பிளேட் வைத்தார்கள்" என்று சொன்னால், அவர் பாதுகாப்புக்காக மிக மிக மெதுவாகத்தான் தொடங்குவார். வாரங்கள் அப்படியே ஓடிவிடும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் வாங்குவது பெரும் அலைச்சல்:

- டிஸ்சார்ஜ் சம்மரி.
- அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பு. என்ன தைத்தார்கள், என்ன பொருத்தினார்கள் என்பது சம்மரியில் ஒரே வரியில் இருக்கும்; இந்தக் குறிப்பில்தான் விவரம் இருக்கும்.
- எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள். அறிக்கை மட்டும் போதாது, படமே வேண்டும்.
- எடை வைப்பது, மூட்டை அசைப்பது பற்றிய விதிகள், தேதிகளோடு எழுத்தில். ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால்கூடப் போதும்.
- பிசியோதெரபிக்கான பரிந்துரைக் கடிதம்.
- வேலைக்கு விடுப்புச் சான்றிதழ். "ஓய்வு தேவை" என்று மட்டும் இல்லாமல், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூக்கலாம் என்ற வரம்புகளையும் எழுதச் சொல்லுங்கள். பகுதி வேலைக்குத் திரும்பும்போது அது உதவும்.

காப்பீடு இருந்தால் இப்போதே மூன்று விஷயம் விசாரியுங்கள். பிசியோ அமர்வுகளுக்குப் பணம் உண்டா, எத்தனை அமர்வு வரை, முன் அனுமதி வேண்டுமா. சில திட்டங்களில் பரிந்துரைக் கடிதத்துக்குக் காலாவதி உண்டு. விபத்து அல்லது அறுவை நடந்து குறிப்பிட்ட நாளுக்குள் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கலாம். ஆறு வாரம் கட்டில் இருந்துவிட்டு அப்புறம் கடிதத்தை எடுத்தால் தேதி போயிருக்கும். ஒவ்வொரு ரசீதிலும் உங்கள் பெயர், தேதி, சிகிச்சையின் பெயர் மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

3. ஆரம்ப அளவு

இதற்கு ஒரு டேப் போதும். கால் என்றால், முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு. கெண்டைக்காலில் மிகத் தடிமனான இடத்தின் சுற்றளவு. கை என்றால் மேற்கை, முன்கை. இரண்டு பக்கமும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கட்டு மறைத்திருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள், நல்ல பக்கத்து அளவாவது இருக்கட்டும். வீக்கம் இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். "தொடை இளைக்கவே இல்லை" என்று சந்தோஷப்படும் பலருக்கு உண்மையில் இருப்பது நீர்.

4. முதல் மூன்று நாள்

இந்த நாட்களில் பயிற்சியைவிட வீக்கத்தைக் குறைப்பதுதான் வேலை. வீங்கிய மூட்டுக்கு அருகில் உள்ள தசையை நரம்பு மண்டலமே தடுத்து வைக்கும். முழங்காலில் நீர் கோர்த்தால் முன்தொடை இறுக மறுப்பது இதனால்தான். கட்டுப் போட்ட கை காலை இதய மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். வெளியே தெரியும் விரல்களை விழித்திருக்கும் நேரமெல்லாம் அடிக்கடி முழுமையாக மடக்கி நீட்டுங்கள்.

காலுக்குத் தலையணை வைக்கும்போது கவனம். முழங்காலுக்கு நேர் கீழே மட்டும் தலையணை வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் நாளடைவில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, முழுதாக நீட்ட வராது. காலின் முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுங்கள், அல்லது குதிகாலுக்குச் சற்று மேலே வைத்துக் குதிகால் அந்தரத்தில் இருக்கும்படி விடுங்கள்.

கீழே சொல்பவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு, இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்:

- மருந்துக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, அதிலும் விரலை இன்னொருவர் மெல்ல நீட்டினாலே உயிர் போகிற வலி.
- விரல்கள் மரத்துப்போவது, வெளுப்பது, நீலம் பாய்வது, சில்லிடுவது, அசைக்க வராமல் போவது.
- கட்டு திடீரென்று மிக இறுக்கமாகத் தெரிவது.
- கெண்டைக்காலிலோ தொடையிலோ புதிதாக வரும் வீக்கம், சூடு, வலி. இரத்தம் உறைந்திருக்கலாம்.
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

5. கட்டுக்குள்ளேயே தசையை இறுக்குவது

மொத்த வேலையிலும் பலன் அதிகம் இங்கேதான். செலவும் இல்லை. மூட்டு அசையாது, தசை மட்டும் இறுகித் தளரும். அனுமதி கிடைத்த அன்றே தொடங்குங்கள்.

முன்தொடை: காலை நீட்டிப் படுங்கள் அல்லது சாய்ந்து உட்காருங்கள். முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்துவது போலத் தொடையை இறுக்குங்கள். முழங்கால் சில்லு தொடைப் பக்கம் ஏறும். 5 முதல் 10 நொடி வரை பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். இதை 10 முறை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை செய்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளையாவது. காலையில் ஒரே மூச்சில் நூறு முறை செய்து முடித்துவிடுவதைவிட, நாள் முழுதும் பரப்பிச் செய்வது மேல்.

இறுகுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்பதுதான் முதல் வாரத்தில் எல்லாரும் சொல்லும் புகார். முதலில் நல்ல காலில் செய்து, கையை வைத்து அந்த இறுக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு காலிலும் சேர்த்துச் செய்யுங்கள். நல்ல கால் போகும் வழியில் மற்றதும் போகும். தொடை முழுதும் கட்டுக்குள் இருந்தால், கட்டின் சுவரைத் தசை உள்ளிருந்து தள்ளுவது தெரியும்.

பிட்டம்: இரண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்கி, பிடித்து, விடுங்கள். நடக்க ஆரம்பிக்கும்போது இடுப்பு சாயாமல் இருக்க இந்தத் தசை வேண்டும். கால் முறிந்தவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கெண்டைக்கால்: முழங்காலுக்குக் கீழே கட்டு என்றால், பாதத்தைக் கீழே அழுத்துவது போலக் கட்டின் அடிப்பக்கத்தை மெல்லத் தள்ளுங்கள், விடுங்கள். அப்புறம் பாதத்தை மேலே தூக்க முயல்வது போல. பாதம் இம்மியும் அசையாது, அசையவும் கூடாது.

காலை நேராகத் தூக்குவது: தொடையை இறுக்கி, முழங்காலை மடக்காமல் காலைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. தனியாக அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கட்டின் கனமும் சேர்ந்து, முறிந்த இடத்தில் நெம்பு விசை விழும். இடுப்பு, தொடை எலும்பு முறிவுகளில் இதற்கு ஆரம்பத்தில் தடை சொல்லக்கூடும்.

கை: மணிக்கட்டில் கட்டு என்றால் விரல்களை நேராக நீட்டுவது, கொக்கி போல மடக்குவது, முழு முஷ்டி, மேசை போல நக்கிள்களில் (விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளில்) மட்டும் மடக்குவது, கட்டை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. கட்டு முறையாக இருந்தால் முழு முஷ்டி பிடிக்க வர வேண்டும். உள்ளங்கையில் கட்டின் விளிம்பு நக்கிள்களைத் தாண்டி விரல்களைத் தடுத்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய் வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். முழங்கைக் கட்டு என்றால், கையை மடக்க முயல்வது போல ஒருமுறை, நீட்ட முயல்வது போல ஒருமுறை, கட்டின் சுவரோடு மெல்லத் தள்ளுங்கள்.

எவ்வளவு பலமாக? முதல் சில நாள் பாதி பலம். வலி இல்லாவிட்டால் வாரா வாரம் கூட்டுங்கள். தசை களைத்து வலிப்பது வேறு, முறிந்த இடத்தில் கூர்மையாகக் குத்துவது வேறு. இரண்டாவது வந்தால் உடனே விடுங்கள், அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

6. கட்டுக்கு வெளியே இருக்கும் மூட்டுகள்

மணிக்கட்டு முறிந்தவருக்குத் தோள் உறைந்துபோவது நடக்கும். கையைத் தூளியில் போட்டு மாதக்கணக்கில் நெஞ்சோடு வைத்திருப்பதன் விளைவு அது. தோளுக்குத் தடை இல்லையென்றால், தினமும் பலமுறை தூளியைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையை முழுதாக நீட்டி மடக்குங்கள். காலில் என்றால் இடுப்பும், தடையில்லாத பட்சத்தில் முழங்காலும் கணுக்காலும். கணுக்கால் கட்டில் இல்லையென்றால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது இரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

படுத்தே இருப்பவரை, பக்கவாதம் வந்தவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அவர் கை காலை மடக்கி நீட்டிவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும்; அது அவசியம், தினமும் செய்யுங்கள். ஆனால் தசை இளைப்பதை அது தடுக்காது. பிடித்துவிடுவதும் அப்படித்தான்: இதமாக இருக்கும், தசையை வளர்க்காது. தசைக்கு வேலை அது தானே இறுகும்போதுதான் கிடைக்கிறது. அதனால் நீங்கள் கையைத் தூக்கும்போது, "நீங்களும் கூடவே தூக்கப் பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். துளி அசைவு வந்தாலும் அது கணக்கு. வீங்கிச் சூடாக இருக்கும் கெண்டைக்காலை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடித்துவிடாதீர்கள்.

ஊன்றுகோல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்குளுக்கும் ஊன்றுகோல் மேல்முனைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் விழக் கூடாது. அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க வராமல் போகலாம். கால் சரியாவதற்குள் கையும் கெட்டுவிடும்.

7. நல்ல பக்கத்துக்குப் பயிற்சி

கேட்க விசித்திரமாக இருக்கும்: இடது கை கட்டில் இருக்கும்போது வலது கைக்கு வலுப்பயிற்சி கொடுத்தால், இடது கையின் வலு இழப்பு குறைகிறது. ஒரு பக்கம் கடினமாக உழைக்கும்போது மறு பக்கத்துக்கான நரம்புப் பாதையும் தூண்டப்படுகிறது. இது நன்கு உறுதிப்பட்ட விஷயம், பிசியோதெரபிஸ்டுகளும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சாதாரணமாக அந்தக் கையால் வேலை செய்வது போதாது. கட்டில் இருக்கும் அதே தசைக்கு நேரான தசையை, 8 முதல் 10 முறைக்கு மேல் தூக்க முடியாத எடையோடு, மூன்று நான்கு சுற்று, வாரம் மூன்று நாள். எடையோ இழுவைப் பட்டையோ எதுவானாலும் சரி. இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் எடையைப் பற்றி முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, மனதுக்குள் செய்வது. ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிவைத்து ஒரு சோதனை நடந்தது. சும்மா இருந்தவர்கள் வலுவில் சுமார் 45 சதவீதம் இழந்தார்கள். கட்டுக்குள் மணிக்கட்டைப் பலமாக மடக்குவதாக வாரம் ஐந்து நாள் கற்பனை மட்டும் செய்தவர்கள் இழந்தது சுமார் 24 சதவீதம். தசையை நிஜமாக இறுக்கக் கூடாது என்று தடை இருப்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். கண்ணை மூடி, அந்தத் தசை முழுப் பலத்தோடு இறுகுவதை 5 நொடி உணருங்கள், 5 நொடி விடுங்கள். வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பதுபோல் கற்பனை செய்யாமல், உள்ளிருந்து தள்ளுவதாக உணர வேண்டும். அப்படிச் செய்யும்போது நிஜத்தில் தசை இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. மின்தூண்டல் கருவி வாங்குமுன்

தோலில் பட்டைகளை ஒட்டி, மின்சாரத்தால் தசையை இறுக வைக்கும் கருவி இது. தொடைத் தசையின் பருமனைக் காப்பதில், குறைந்த நாள் கட்டில் இருப்பவர்களுக்கும், கோமாவில் தானாக இறுக்க முடியாமல் கிடப்பவர்களுக்கும் பலன் தெரிந்திருக்கிறது. பருமனைக் காத்த அளவுக்கு அது வலுவைக் காப்பதில்லை. ஐந்தாம் படியைச் செய்ய முடிகிறவருக்கு இது கூடுதல் உதவி, அவ்வளவுதான்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டென்ஸ் என்ற பெயரில் விற்பது வலியைக் குறைக்கும் கருவி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தோலில் சுருசுருவென்று இருக்கும், தசை இறுகாது. உங்களுக்கு வேண்டியது என்எம்இஎஸ் (NMES), அதாவது தசையை இறுக வைக்கும் மின்தூண்டல் கருவி. தசை கண்ணுக்குத் தெரிய இறுகினால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வாங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்டிடம் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்குமா என்று கேளுங்கள். சில வாரத் தேவைக்குச் சொந்தமாக வாங்குவது பெரும்பாலும் வீண். ஒட்டும் பட்டைகள் தேய்ந்துபோகும், அவற்றின் தொடர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் இரத்தம் உறைந்திருந்தாலோ, ஒட்டும் இடத்தில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ, புண் இருந்தாலோ மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

9. சாப்பாடு

அசையாத தசை, சாப்பிடும் புரதத்தைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். இதை இரவுச் சாப்பாட்டில் மொத்தமாகத் தள்ளாமல், வேளைக்கு 20, 30 கிராமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பால், முட்டை, பருப்பு வகை, மீன், இறைச்சி, உங்களுக்கு ஒத்துக்கொள்வது எதுவோ அது. புரதப் பொடி கட்டாயம் இல்லை. பசியே இல்லாத முதல் வாரத்தில் வசதியாக இருக்கும், அவ்வளவே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

"அசையாமல் இருக்கிறேன், எடை போட்டுவிடும்" என்று பட்டினி கிடப்பது மோசமான யோசனை. உடல் குறைவை ஈடுகட்டத் தசையிலும் கை வைக்கும். எடை குறைப்பதை நடக்க ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். புகை பிடிப்பவர்கள் இந்தக் காலத்திலாவது நிறுத்துங்கள், எலும்பு கூடுவதையே அது தாமதப்படுத்தும்.

10. பிசியோ அமர்வுகளையும் பணத்தையும் பங்கிடுவது

அமர்வுகள் வரம்புக்குட்பட்டவை என்றால், எல்லாவற்றையும் கட்டுப் பிரித்த முதல் இரண்டு வாரத்தில் செலவழித்துவிடாதீர்கள். என் யோசனை இது. கட்டுப் போட்ட முதல் வாரத்தில் ஒன்று: மேலே சொன்னவற்றைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க. நடுவில் ஒன்று. பிரித்த பிறகு முதல் மாதம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. மீதியைப் பின்னால் எடையோடு பயிற்சி செய்யும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கோ விளையாட்டுக்கோ திரும்புவதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டம்தான். பணம் அதற்குள் தீர்ந்துபோய்ப் பலர் பாதி வலுவோடு நின்றுவிடுகிறார்கள்.

அமர்வில் வெந்நீர் ஒத்தடமும் கருவியும் மட்டும் வைத்து அரை மணி நேரத்தை ஓட்டினால், "இதை வீட்டிலேயே செய்துகொள்கிறேன், எனக்குப் பயிற்சி சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வீட்டில் செய்ய வேண்டியதை எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள்.

11. கட்டுப் பிரித்த பிறகு

தோல் உரியும், கால் வீங்கும், மூட்டு கட்டையாக இருக்கும். இதெல்லாம் வழக்கம். எலும்பு கூடிவிட்டது என்றவுடன் கால் பழைய காலாகிவிடாது. கட்டில் இருந்த எலும்பும் அடர்த்தியில் கொஞ்சம் இழந்திருக்கும், தசை தாங்கவும் தாங்காது. முதல் நாட்களில் விழுவது அதிகம். குளியலறையில் பிடிமானம் வைத்துக்கொள்ளுங்கள், ஊன்றுகோலை அன்றே தூக்கிப் போடாதீர்கள்.

வரிசை பொதுவாக இப்படிப் போகும்: முதலில் மூட்டு அசைவு, அதோடு லேசான பயிற்சி, பிறகு உடல் எடையைத் தாங்குவது, பிறகுதான் கூடுதல் எடை. எடை வந்ததும் வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு சுற்றிலும் 8 முதல் 12 முறை, கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்கும் அளவுக்கு. பத்துக்கு மூன்று நான்கு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை மூட்டு முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் நேற்று செய்தது அதிகம். ஒரு படி இறங்குங்கள்.

காலம் எவ்வளவு ஆகும்? கட்டில் இருந்த நாட்களைப் போல இரண்டு மடங்காவது மனதில் வையுங்கள். வயதானவர்களுக்கு இழப்பும் வேகம், மீட்பும் மெதுவு. அறுபதைத் தாண்டியவர்கள் இந்தப் பயிற்சிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது. மூன்றாம் படியில் எழுதி வைத்த அளவை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆனால் சுற்றளவு பின்தங்கியே வரும், வலுதான் முதலில் திரும்பும். விளையாட்டுக்குத் திரும்புவோருக்கு, அடிபட்ட காலின் வலு மற்றதில் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும் என்பது வழக்கமாக வைக்கும் அளவுகோல். வண்டி ஓட்டுவதற்கு வலி இல்லாதது மட்டும் போதாது, அவசரத்தில் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வர வேண்டும். மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. பயிற்சிக்கு மசியாத பலவீனம்

தசை இளைத்ததால் வரும் பலவீனம் மெதுவாகவாவது நகரும். எவ்வளவு முயன்றாலும் பாதத்தை மேலே தூக்கவே வராதது, மணிக்கட்டு தொங்குவது, ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் மரத்திருப்பது ஆகியவை நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள். முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைக் கட்டின் விளிம்பு அழுத்தினால் பாதம் தொங்கும். கட்டு இருக்கும்போதே இது தெரிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்; அழுத்தத்தை எடுத்துவிட்டால் பல நேரம் நரம்பு மீளும். நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், பாதிப்பு தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் எடுத்தால் முழுச் சேதமும் தெரியாமல் போகலாம் என்பதால் எந்தத் தேதியில் எடுப்பது என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். கட்டுப் பிரித்த பிறகு எரிச்சலான வலி, கை காலின் நிறமும் சூடும் மாறுவது, தொட்டாலே கூசுவது, ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பது என்று சேர்ந்து வந்தால், அது சிஆர்பிஎஸ் (CRPS) என்ற, அடிபட்ட கை காலில் வலி அடங்காமல் நீடிக்கும் வேறு சிக்கலாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்க வேண்டும், அதனால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே போங்கள்.